முதுகு காட்டி உக்காந்த சாமி

காத்து மாசம், பெரிய நிலா வளர்ற வாரம்

தங்கச்சி ஊசிக்கு,

உன் வாயாடி அண்ணன் எழுதிக்கிறது. நான் சௌக்கியம். முட்டி மட்டும் சௌக்கியமில்ல, அது தனியா கடுதாசி போடும். நீ சௌக்கியமா? உன் கத்திரிக்கோல் சௌக்கியமா?

எனக்கு வேலை கெடச்சிருச்சு. சிரிக்காத. ஆயுசு பூரா கொத்துக் கரண்டி புடிச்ச கையில ஒரு கம்பக் குடுத்து, இடிஞ்ச கோயில் வாசல்ல உக்கார வச்சிருக்காங்க. கும்பிட வர்றவங்கள வெரட்டணும், அதான் வேலை. பக்தருங்கள வெரட்டுற கோயில் காவல்காரன எங்கயாச்சும் பாத்திருக்கியா?

விஷயம் இதான். இந்தக் கோயிலுக்கு ஒரு சாபம். முன்ன வாசலப் பாத்து உக்காந்திருந்த கல்லு சாமி, ஒரு நாள் விடிஞ்சு பாத்தா திரும்பி பின்சுவத்தப் பாத்து உக்காந்திருக்கு. மூக்கு சுவத்துல இடிக்காத கொறை. அன்னையிலேருந்து அது கிட்ட எதக் கேட்டாலும் தலைகீழா நடக்குதாம். மழை கேட்டாங்க, கெணறு வத்திப்போச்சு. தலைமுடி வளரணும்னு ஒருத்தன் கேட்டான், புருவமும் சேந்து கொட்டிருச்சு. மாமியார் சீக்கிரம் ஊருக்குக் கெளம்பணும்னு ஒருத்தி வேண்டிக்கிட்டா, மாமியாரோட அக்காவும் பொட்டியோட வந்து எறங்கிட்டாங்க. அப்புறம் யாரு வருவா? கூரை விழுந்துச்சு, தூணுக்கு நடுவுல மரம் மொளைச்சிருச்சு. அசலூர்க்காரன் எவனாச்சும் தெரியாம கும்பிட்டுத் தொலைப்பானேன்னு, சாப்பாடும் ஒரு ரூமும் குடுத்து என்னை வச்சிருக்காங்க.

மாப்ள எப்படி இருக்காரு? கல்யாணத்தன்னைக்கே சரக்குப் படக மணல்ல ஏத்திட்டு, முழங்கால் சேத்தோட பொண்ணு வீட்டுக்கு வந்த மகராசனாச்சே நம்ம தரைதட்டி. இப்பவாச்சும் தண்ணியில ஓட்டுறாரா, இல்ல ரோட்டுலதானா? நான் கேட்டேன்னு சொல்லு. பதில் அவரு கையாலயே வரணும்.

இப்படிக்கு,
சாமிக்குக் காவல் இருக்கும் அண்ணன்



காத்து மாசம், பெரிய நிலா தேயுற வாரம்

அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். முட்டிக்கு வெந்நி ஒத்தடம் குடு, மறந்துறாத.

படகுப் பாய் தைக்குற வேலை நெறைய வருது. தையல் மேசைய ஜன்னல் பக்கம் மாத்திப் போட்டுட்டேன். துறைமுகம் நேராத் தெரியுது. அவரு வேலைக்குப் போயிருக்காரு. வேற ஒண்ணுமில்ல.

அந்த எடம் உனக்கு வேணாம்ணே. வேற வேலை பாரேன்.

ஊசி



பனி மாசம், சின்ன நிலா முழுசான நாள்

ஊசிக்கு,

நானும் முட்டியும் சௌக்கியம். உன் கடுதாசிய நாலு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தேன், பின்னாடி ஏதாச்சும் இருக்குமான்னு. உன் தையலாச்சும் நீளமா போகும், கடுதாசி ஏன் இப்படி ஓட்டை விட்டுப் போகுது?

அந்தத் தரைதட்டி ஏன் எழுதல? போன தடவை நான் திட்டினதுக்கு, "மச்சான், உங்க மூஞ்சப் பாக்குறதுக்கு மணல்மேட்ட எவ்வளவு நேரம் வேணாலும் பாக்கலாம்"னு ஒரு முழுப் பக்கம் எழுதின ஆளு. ரோஷம் செத்துப்போச்சான்னு கேளு.

எனக்கு இங்க ஒரு சிநேகிதரு கெடச்சிட்டாரு. ஆடு மேய்க்கிறவரு. வாய் பேச மாட்டாரு. எனக்கு வேற என்ன வேணும் சொல்லு! நான் பேசுறேன், அவரு தலையாட்டுறாரு, ஆடுங்க மேயுது. சின்ன வயசுல பின்சுவத்து ஓட்டை வழியா சாமி மூஞ்ச எட்டிப் பாத்தாராம். அதோட அவரு குரல் போச்சு. சாமி மூஞ்சப் பாத்தா பேச்சு நின்னுரும்னு ஊருக்கே தெரியும். அந்த ஓட்டையையும் மண்ண வச்சு அடைச்சிட்டாங்க.

இன்னொரு கூத்து கேளு. பொழுது சாயுற நேரம் கோயிலுக்குள்ளேருந்து "ட்ர்ர்ர்... பா பா பா"ன்னு ஆட்டக் கூப்பிடுற சத்தம் வருது. மொத நாள் கம்பத் தூக்கிக்கிட்டு ஓடினேன். உள்ள ஒரு குட்டியும் இல்ல. வெளிய ஆடுங்கதான் காத வெடைச்சுக்கிட்டு நிக்குது. சிநேகிதரு தன் தொண்டையத் தொட்டுக் காட்டி, கோயிலக் காட்டிச் சிரிக்கிறாரு. அது அவரு குரலாம்! குரல் இருந்த காலத்துலயும் அவரு ஆட்டோட மட்டுந்தான் பேசுவாருன்னு ஊர்ல சொல்றாங்க. பாவம்டி இந்தச் சாமி. இத்தனை வருஷமா கைவசம் அந்த ஒரு சத்தந்தான்.

பதில் போடு. நீளமா போடு.

உன் அண்ணன்



மூடுபனி மாசம், பெரிய நிலா இல்லாத வாரம்

அண்ணே,

நல்லா இருக்கியா? பனியில வெளிய உக்காராத. இத்தனை நாளு பதில் போடாததுக்குக் கோவிச்சுக்காத. எழுத உக்காந்தேன், கை வரல.

அவரு இன்னும் வரல. நீ மொத கடுதாசி போட்டப்பவே படகு போய் ரொம்ப நாளாயிருந்துச்சு. வேலைக்குப் போயிருக்காருன்னு எழுதினேனே, அது பொய்யில்ல. எப்பத் திரும்புவாருன்னுதான் எழுதல. நீ அவரக் கேலி பண்ணி எழுதினதப் படிக்கையில, அவரு அடுப்படியில நின்னு தாடியச் சொறிஞ்சுக்கிட்டு பதிலுக்கு என்ன திட்டலாம்னு யோசிக்கிற மாதிரியே இருந்துச்சு. அதைக் கெடுத்துக்க மனசு வரல.

நேத்து படகோட மொதலாளி வந்தாரு. எப்பவும் நேரா அடுப்படி வரைக்கும் வந்து தண்ணி கேக்குற ஆளு. நேத்து வாசல்லயே நின்னாரு. அதுலயே புரிஞ்சுபோச்சு. மூடுபனி எறங்கினப்போ கடைசியா நடுக்கடல்ல பாத்தாங்களாம். அப்புறம் யாரும் பாக்கல.

அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன். பைத்தியம்னு சொல்லாத. அந்தச் சாமி எதையும் தலைகீழாத்தானே குடுக்குது? அப்ப அவரு திரும்பி வரவே கூடாதுன்னு வேண்டிக்கயேன். என்னால அதச் சொல்ல முடியாது. நீதான் அவர எப்பவும் திட்டுற ஆளு. உனக்கு வரும்.

ஊசி



மூடுபனி மாசம், பெரிய நிலா பொறந்த வாரம்

என் ஊசிக்கு,

சாப்பிட்டியா? இன்னைக்கு இத மட்டுந்தான் மொதல்ல கேக்கத் தோணுது. சாப்பிட்டுட்டு மேல படி.

ஏண்டி சொல்லலன்னு உன்மேல கோவம் இல்ல. "மாப்ள எங்க, ரோஷம் செத்துப்போச்சா"ன்னு எழுதினேனே, அதுதான் வாய்க்குள்ள மண்ணு போட்ட மாதிரி கெடக்கு.

நீ சொன்னபடி உள்ள போனேன். சாமி முதுகுக்கு நேரா நின்னேன். வாய் ஒண்ணு மனசு ஒண்ணுன்னா இந்தச் சாமி கிட்ட எடுபடாது. முன்ன ஒரு கெட்டிக்காரன் வந்து "என்னை ஏழையாக்கு"ன்னு கேட்டானாம். உள்ளுக்குள்ள இருந்த ஆசையப் புடிச்சு, அதத் தலைகீழாக்கி, உடுத்தின துணியும் இல்லாம அனுப்பிருச்சாம். அதனால மனசாரச் சொல்லணும்.

சொன்னேன். "யோவ் தரைதட்டி, நீ வராதய்யா. வந்து என்னத்தக் கிழிக்கப் போற"ன்னேன். எத்தனை வருஷமா அந்த ஆள இப்படித் திட்டுறேன்! கொட்டாவி மாதிரி தானா வரும். அன்னைக்கு வரல. வாய் திட்டுது, மனசு பின்னாலயே ஓடி வந்து வாயப் பொத்துது. "வந்துருய்யா"ன்னு உள்ளுக்குள்ள ஒரு சத்தம் எனக்கே கேட்டுருச்சு. விழுந்தடிச்சு வெளிய ஓடி வந்துட்டேன். அது சாமி காதுல விழுந்திருந்தா என்ன ஆகும், யோசி.

இப்ப கோயில் நெழல்ல உக்காரவே பயமா இருக்கு. மாப்ள நெனப்பு வந்தா எந்திரிச்சு ஆட்டுப்பட்டி வரைக்கும் போய், அங்க வச்சு நெனைச்சிட்டுத் திரும்பி வர்றேன். ஒரு நாளைக்கு இத்தனை நடை இந்த முட்டி நடந்ததே இல்ல.

திட்டுறதுல நான் பெரிய ஆளுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். மொத்தமும் போலி.

அண்ணன்



மூடுபனி மாசம், சின்ன நிலா தேயுற வாரம்

அண்ணே,

சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. விட்டுரு.

அக்கம்பக்கத்துல எல்லாரும் மெதுவாப் பேசுறாங்க. தெரு முனைக் காய்கறிக் கடைக்கு நான் வந்தா பேச்ச நிறுத்திட்டு வெங்காயத்தப் பாக்குறாங்க. ஒருத்தி அவரு துணியெல்லாம் யாருக்காச்சும் குடுத்துறலாமேன்னு கேட்டா. அவருக்கு ஒரு சட்டை தச்சுக்கிட்டிருக்கேன், எடது கை மட்டும் இன்னும் வெக்கல, வந்து அளவு குடுக்கணும்னு சொன்னேன்.

உன் சிநேகிதர் கதைய மறுபடி எடுத்துப் படிச்சேன். உன்னை எனக்குத் தெரியும்ணே. முன்பக்கம் கதவு சாத்தியிருந்தா பின்பக்கம் ஓடு பிரிக்கிற ஆளு நீ. அந்தப் பின்பக்கம் போகாத. என் மேல ஆணை. ஒருத்தரத் தொலைச்சிட்டு நிக்கிறேன். உன் வாயையும் தொலைச்சிட்டு இந்த வீட்ல நான் எந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்?

ஊசி



மொட்டு மாசம், சின்ன நிலா முழுசான நாள்

ஊசிக்கு,

சௌக்கியம். கண்ணு நல்லாத் தெரியுது, பசி எடுக்குது, தூக்கம் வருது, முட்டி வலிக்குது. எல்லாம் அதது எடத்துல இருக்கு.

பின்சுவத்துல ஒரு சின்ன வேலை பாத்தேன், அதான் எழுத லேட்டு. காத்தோட்டம் இல்லாம உள்ள ஒரே புழுக்கம். கொத்தனாரு எத்தனை நாளு கையக் கட்டிக்கிட்டு இருப்பான்? ஒரு ஆள் நொழையுற அளவுக்குக் கல்ல எடுத்துட்டு, மேல நல்ல உத்தரக் கல்லாக் குடுத்து, ஓரமெல்லாம் பூசிவிட்டேன். சிநேகிதரு மண்ணு கொழைச்சுக் குடுத்தாரு. ஆடு ஒண்ணு ஈரப் பூச்சுல குளம்ப வச்சிருச்சு. அழகா இருக்குன்னு அப்படியே விட்டுட்டேன்.

மாப்ள வந்ததும் எழுது. வந்தா எழுதுன்னு சொல்லல. வந்ததும் எழுது.

கை வலிக்குது, இத்தோட நிறுத்திக்கிறேன்.

அண்ணன்



மொட்டு மாசம், பெரிய நிலா முழுசான நாள்

அண்ணே அண்ணே,

வந்துட்டாரு! நீ எப்படி இருக்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி இத எழுதிட்டேன், தப்பா நெனைக்காத. வந்துட்டாரு. தாடியும் எலும்புமா வந்து நிக்கிறாரு. கூட்டாளிங்களும் வந்துட்டாங்க. சட்டைக்குக் கை வச்சாச்சு. தச்ச சட்டை இப்ப ரெண்டு ஆளு போடலாம், அவ்வளவு மெலிஞ்சுட்டாரு.

அவரு சொன்னத அப்படியே எழுதுறேன். பனியில தெக்கு எது வடக்கு எதுன்னு தெரியாம எங்கெங்கயோ ஒதுங்கிக் கெடந்திருக்காங்க. குடிதண்ணி தீந்துபோற நேரம். திடீர்னு தூரத்துல "ட்ர்ர்ர் பா பா"ன்னு ஒரு சத்தம். நடுக்கடல்ல ஏதுடா ஆடுன்னு எல்லாரும் முழிக்கிறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உன் குரல்! "யோவ் தரைதட்டி, எங்கய்யா கெடக்க? எடது பக்கம் ஒடிய்யா. ஒனக்குத்தான் தரைன்னா உசுராச்சே, இப்ப மட்டும் தட்ட மாட்டேங்குற?"ன்னு அதே குரல், அதே நக்கல்.

இவருக்கு ரோஷம் வந்துருச்சாம். பதில் சொல்லணும்னே சுக்கானத் திருப்பி, உன் குரல் வந்த தெசையிலயே ஓட்டியிருக்காரு. இவரு திட்ட, அந்தக் குரல் திட்ட, அப்படியே பனியத் தாண்டி நம்ம துறைமுகத்து மணல்லயே ஏத்தி நிறுத்திட்டாரு. ஆமா, தரைதான் தட்டினாரு. இந்தத் தடவை ஊரே கைதட்டுச்சு.

அண்ணே, நேராச் சொல்லு. பின்பக்கம் போனியா? ஒரு தடவை இங்க வந்துட்டுப் போ. உன் குரலக் கேக்கணும் போல இருக்கு.

ஊசி



வெயில் மாசம், பெரிய நிலா தேயுற வாரம்

ஊசிக்கும், உசுரோட வந்து சேந்த மாப்ளைக்கும்,

நான் சௌக்கியம். உன் கடுதாசியப் படிச்சிட்டு ஆட்டுப்பட்டியில ஒரு ஆட்டம் போட்டேன். ஒரு கெடா பயந்துபோய் இன்னும் எங்கிட்ட வரல.

சுவருன்னு ஒண்ணு இருந்தா பின்பக்கம்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும், அதப் போய்ப் பெருசாக் கேக்குற. அங்க வரச் சொல்றியே, எங்க வர்றது? இங்க ஜனம் வர ஆரம்பிச்சிருச்சு. கம்ப ஓரமா சாத்திட்டு, இப்ப வரிசையில நிக்க வைக்குறதே வேலையாப் போச்சு.

என் குரலக் கேக்கணுமா? போதும்ணே போதும்ணேன்னு காதப் பொத்திக்கிட்டு ஓடினவ நீதானே. பழைய கடுதாசியெல்லாம் எடுத்துப் படி, அதுலயே கேக்கும். மாப்ளைய மட்டும் அனுப்பாத. தரையில வர்றாரு, எதத் தட்டுவாரோ தெரியாது.

அண்ணன்



வெயில் மாசம், சின்ன நிலா வளர்ற வாரம்

வீட்டம்மாவுக்கு,

நல்லபடியா வந்து சேந்தேன். வழியில எதையும் தட்டல. நீ கட்டிக் குடுத்த சாப்பாடு பாதி வழியிலயே காலி. நீ வேளைக்குச் சாப்பிடு.

அனுப்பாதன்னு மச்சான் எழுதினதுமே நீ சந்தேகப்பட்டது சரிதான். கோயிலுக்குப் பின்பக்கம் வழவழன்னு ஒரு வாசல். அதுதான் இப்ப முன்வாசல். வரிசையில நிக்கிற ஜனம் அழலம்மா, வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. நானும் நின்னேன். என் முறை வந்துச்சு. உள்ளேருந்து உங்கண்ணன் குரல்: "வாய்யா தரைதட்டி. ரோட்டுலயே ஓட்டிக்கிட்டு வந்தியா?"

எனக்கு உடனே வாய் துறுதுறுன்னுச்சு. "ஆமா மச்சான், உங்க மூஞ்சி தெரிஞ்சுது, பாறைன்னு நெனைச்சு நிறுத்திட்டேன்"னு சொல்லிட்டே எட்டிப் பாத்தா, உள்ள யாருமே இல்ல. கல்லு சாமி மட்டும்.

திரும்பிப் பாத்தேன். மச்சான் வெளிய மரத்தடியில ஆட்டுக்காரரோட உக்காந்திருக்காரு. என்னைப் பாத்து எந்திரிச்சாரு. வாயத் திறந்தாரு. ஒண்ணும் வரல. தொண்டையத் தொட்டுக் காட்டி, கோயிலக் காட்டிச் சிரிச்சாரு. சத்தமே இல்லாத சிரிப்பு. நான் அழுதுட்டேன். அத அவருகிட்டச் சொல்லிறாத. பாத்துட்டாரு, இருந்தாலும் சொல்லாத.

கொஞ்ச நாளு இங்கயே இருந்துட்டு வர்றேன். மனுஷன் எதிர்ல உக்காந்து நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு இருக்காரு. தாங்க முடியல.

உன் வீட்டுக்காரன்



வெயில் மாசம், ரெண்டு நிலாவும் முழுசான நாள்

தங்கச்சி ஊசிக்கு,

உன் ஆணைய மீறினவன் எழுதிக்கிறது. மாப்ள போட்டுக் குடுத்துட்டாரு, இனிமே என்ன ஒளிவு. அழுது முடிச்சிட்டியா? மூக்கத் தொடச்சிட்டுப் படி.

பின்சுவத்தத் தொறந்து அந்த மூஞ்சப் பாத்தேன். கோவமே இல்லடி அதுல. கல்யாண வீட்ல தெரிஞ்சவங்க யாருமில்லாம மூலையில உக்காந்திருப்பாங்களே, அந்த மூஞ்சி. ஊரே வந்து கேட்டுக்கிட்டே இருக்கு, இவனுக்குப் பதில் சொல்ல வாயில்ல. கூச்சத்துல திரும்பி உக்காந்துட்டான். முதுகுல சொன்னது முதுகு வழியாவே போச்சு, அதான் எல்லாமே தலைகீழு. சாபமாம் சாபம். கடுதாசி எழுதி எழுதிப் பழகின வாயாச்சே, "நான் சௌக்கியம், நீ சௌக்கியமா?"ன்னுதான் மொதல்ல கேட்டேன். பயல் அப்படியே முழிச்சான். இதுக்கு முன்ன எவனும் கேட்டிருக்க மாட்டான் போல.

அப்புறம் சொன்னேன்: "ஆட்டுக் குரல வச்சு நீ எத்தனை நாளு ஓட்டுவ? என்னோடத எடுத்துக்க. நல்லா அடிபட்ட குரலு, எதையும் தாங்கும். ஆனா மொதல்ல கடலுக்குப் போய் ஒரு ஆளக் கூப்பிடு. கெஞ்சினா வர மாட்டாரு, திட்டு. பேரு தரைதட்டி." அதுதான் என் வாயிலேருந்து வந்த கடைசி வார்த்தை. நல்லதா ஏதாச்சும் சொல்லியிருக்கலாம், அவசரத்துல வரல.

இப்ப யாரு அவன் மூஞ்சப் பாத்தாலும் குரல் போறதில்ல. என் ஒருத்தன் வாயே அவனுக்குப் போதும்னு ஆயிருச்சு. கேட்டதெல்லாம் குடுக்குறானான்னா, இல்ல. பதில் சொல்றான். ஜனத்துக்கு அதுவே போதுமா இருக்கு. அன்னைக்கு அந்தப் புருவம் போனவன் வந்தான். "ஆடாம நில்லுய்யா, உன் தலையில என் மூஞ்சி நல்லாத் தெரியுது"ன்னான் சாமி. வந்தவனே சிரிச்சிட்டான். அது என் நக்கல்டி! என் சரக்க எடுத்து விக்கிறான், அதுவும் சிரிப்பு வர்ற எடத்துல கொஞ்சம் இழுத்துடுறான். திருத்தலாம்னா எனக்கு வாயில்ல.

மாப்ள நாள் பூரா பேசுறாரு. இத்தனை வருஷத்துல அவர ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்ல நான். இப்ப முழுசாக் கேக்குறேன். மோசமில்ல, நல்லாத்தான் பேசுறாரு. நீ இங்க வந்ததும் இத அவருகிட்ட படிச்சுக் காட்டிறாத.

நீ கெளம்பி வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்க. வா. உள்ள போய் நில்லு, அவன் உன்ன "ஊசி"ன்னு கூப்பிடுவான். திரும்பிப் பாத்தா நான் இருப்பேன்.

இன்னைக்குக் காலைல வாசல் கூட்டிக்கிட்டு இருந்தேன். யாரும் வராத நேரம். உள்ளேருந்து மெதுவா, நக்கல் இல்லாம என் குரல் கேட்டுச்சு. "நான் சௌக்கியம். நீ சௌக்கியமா?"

தொடப்பத்தக் கீழ வச்சிட்டு அப்படியே நின்னுட்டேன். நான் கேட்டது ஞாபகம் வச்சிருந்து, பதில் சொல்லி, திருப்பிக் கேக்குறான். எனக்குத்தான் சொல்ல வாயில்ல. நீ வந்ததும் உள்ள போய் எனக்காக அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. சத்தமாச் சொல்லு, நானும் கேக்கணும்.

சௌக்கியம்னு சொல்லு.

உன் அண்ணன்